பிரித்துக் கோத்த அட்டிகை

ஜனவரி 18, வியாழன்

பொங்கலுக்கு வந்திருந்த வாணி காலை ரயிலில் பெங்களூருக்குத் திரும்பிவிட்டாள். மகள் போனதும் வீடு ஒரு சுற்றுப் பெரிதாகிவிடுகிறது. மேல்தொட்டியைக் கழுவ ஆள் வந்தார். கழுவிய பிறகும் தண்ணீர் கலங்கலாகவே வந்தது. சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு எழுபது நிறைகிறது. பிப்ரவரி 23 அன்று திருக்கடையூரில் சாந்தி. வேனுக்கும் அறைக்கும் சொல்லியாகிவிட்டது. தையல்நாயகி அக்கா மாயவரத்திலிருந்து நேராக வந்துவிடுவாள். போனில் அவள் போட்ட ஒரே உத்தரவு:

"டேய் சகாயம், ஒங்க கல்யாண போட்டோ இருக்கே, அதே மாதிரி ஒண்ணு எடுத்துடணும். குமுதா அதே அட்டிகையப் போட்டுக்கிட்டு நிக்கணும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினா எப்டி இருக்கும் பாரு."

அக்கா சொல்லாவிட்டாலும் நான் விரும்பியது அதைத்தான். கெம்புக் கல் பதித்த அட்டிகை. குமுதா கழுத்தில் அது இருக்கும்போது மட்டும் எனக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். காரணத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நாளை இருவரும் பாங்குக்குப் போய் லாக்கரிலிருந்து எடுத்து வரலாம் என்றேன். "எதுக்கு ரெண்டு பேர் அலையணும், நான் பாத்துக்கிறேன்" என்றாள் குமுதா. அவள் தனியாக லாக்கருக்குப் போனதில்லை.

ஜனவரி 22, திங்கள்

குமுதா ரெஜினாவின் கடைக்குப் போனாள். ரெஜினா மேரி அவளோடு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு தில்லைநகரில் கைத்தறிப் புடவையும் வெள்ளி நகையும் விற்கிறாள். இருவரும் சேர்ந்தால் பேச்சு முடியாது.

குமுதா கிளம்பும்போது கவனித்தேன். இடது காதில் அவள் அம்மா கொடுத்த தங்க ஜிமிக்கி. வலது காதில் ஒரு வெள்ளி வளையம், அவ்வளவுதான்.

"வலது காதுல ஜிமிக்கியக் காணோமே" என்றேன்.

"காணாமப் போகலங்க. போட்டுக்கல."

"ஏன்?"

"இப்டித்தான்."

மணிக்கட்டில் இன்னொரு விசித்திரம். தோட்டிலிருந்து கொண்டைக்கு மாட்டும் முத்துச் சரம், மாட்டல், அதை எடுத்து மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். பக்கத்திலேயே ஆபீஸ் காலத்துக் கைக்கடிகாரம். நன்றாக இருந்தது என்று எழுதக் கை வரவில்லை. நன்றாக இல்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

ஓய்வு பெற்றதிலிருந்தே சிறிது சிறிதாக இப்படி. வேலைக்குப் போன காலமெல்லாம் மெல்லிய சங்கிலியும் பொட்டுத் தோடும் மட்டும்தான். கல்யாணம், காதுகுத்து என்றால் லாக்கரைத் திறந்து முழு செட். இரண்டே இரண்டு நிலைகள், இடையில் ஒன்றும் கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு அது வசதியாக இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 24, புதன்

லாக்கர் விஷயத்தை மறுபடி கேட்டேன். "எடுத்துட்டேன்" என்றாள். எப்போது என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

சர்க்கரை அளவு பார்க்க வெறும் வயிற்றோடு லேபுக்குப் போயிருந்தேன். காத்திருக்கும்போது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அக்கா எழுதாமல் எதையும் அனுப்புகிறவள் அல்ல.

ரெஜினாவின் கடை. விளம்பரத்துக்கு எடுத்தது போலிருக்கிறது. பிரம்பு நாற்காலியில் கருநீலக் கைத்தறிப் புடவையில் குமுதா உட்கார்ந்திருக்கிறாள். ரெஜினா முகம் காட்டாமல் கேள்வி கேட்கிறாள். குமுதாவின் கழுத்தில் தடித்த கறுப்புக் கயிறு. அதில் அட்டிகையின் பதக்கம் தொங்குகிறது. பதக்கம் மட்டும். முதலில் எனக்கு அது வேறு பதக்கம் என்றுதான் பட்டது. பிறகு அவள் கையைத் தூக்கினாள். அகலமான வெள்ளிப் பட்டை வளையல், அதன் மேல் அட்டிகையின் மற்றத் துண்டுகள். பெரியதற்குப் பக்கத்தில் சிறியது, நடுவில் வெற்றிடம், மறுபடி பெரியது.

"எப்டி குமுதா இந்த ஸ்டைல கண்டுபுடிச்ச?"

"கண்டுபுடிக்கல்லாம் இல்ல. பழச அப்டியே முழுசாப் போட்டா, சுவத்துல மாட்டின போட்டோ மாதிரி ஆயிடறேன். புதுசு மட்டும் போட்டா எதிர் வீட்டுப் பொண்ணு நகைய எரவல் வாங்கின மாதிரி இருக்கு. கண்ணாடி முன்னாடி நின்னு ஒண்ண எடுக்கறது, ஒண்ண வைக்கறது. ஒரு பழசு பேசினா மத்ததெல்லாம் சும்மா இருக்கணும். எல்லாம் சேந்து பேசினா மார்க்கெட்டு."

"இந்தப் பதக்கம்?"

"இது எங்க மாமியார் செஞ்சு போட்ட அட்டிகை. நாய்க்குப் பட்டை கட்டுவாங்கள்ல, அப்டி இருக்கும். பின்கழுத்துல குத்தும். எத்தனையோ கல்யாணத்துல குத்தக் குத்த சிரிச்சுக்கிட்டு நின்னுருக்கேன். போன வருஷம்தான் பிரிச்சேன். இப்பத்தான் அது எனக்குப் பிடிக்குது."

"சார் ஒண்ணும் சொல்லலையா?"

"அவரா? அவரு பாத்துருக்கவே மாட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். குமுதா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை.

லேபில் என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போய்விட்டார்.

ஜனவரி 30, செவ்வாய்

அந்த அட்டிகையை அம்மா செய்து போடவில்லை. நான் வரைந்தது.

பெண் பார்த்துவிட்டு வந்த வாரம், கல்லூரி விடுதி அறையில் உட்கார்ந்து கிராஃப் தாளில் வரைந்தேன். நடுவில் பதக்கம். இரு பக்கமும் அறுகோணத் துண்டுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போய்ப் பின்கழுத்துக் கொக்கியில் முடியும். தூரத்திலிருந்து பார்த்தால் பதக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம் இரு தோள்களின் பக்கமாகத் தேய்ந்து போவதுபோல இருக்கும். அம்மா அதைப் பத்தரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில், எங்க மாமியார் செஞ்சது என்று குமுதா எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். உனக்காக நான் வரைந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவின் பெருமையைக் குறைப்பதுபோலவும் இருந்தது. பிறகு அம்மா போய்விட்டாள். அதற்கு மேல் போய்ச் சொன்னால் சொத்துக்கு உரிமை கோருவதுபோல ஆகிவிடும்.

நாய்ப்பட்டை.

குத்தியது என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கலாம். கல்யாண வீடுகளிலிருந்து திரும்பியதும் பின்கழுத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவாள். வியர்வைக்கென்று நினைத்திருந்தேன். ரெஜினாவிடம் சொல்லத் தெரிந்தது, காமிராவிடம் சொல்லத் தெரிந்தது. அடுத்த அறையில் இருந்த என்னிடம் சொல்லத் தெரியவில்லை.

குமுதா இன்று வெண்டைக்காய் மோர்க்குழம்பு வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்குமென்று.

பிப்ரவரி 1, வியாழன்

வாணிக்குப் போன் செய்தேன். திருக்கடையூருக்கு எந்த ரயிலில் வருகிறாள் என்று கேட்பதுபோல ஆரம்பித்தேன்.

"ப்பா, சுத்தி வளைக்காதீங்க. வீடியோ பாத்துட்டீங்களா?"

"பார்த்தேன். உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பிரிக்கிறப்ப நானும் கூடத்தான் போனேன். அம்மா ஒரு மாசம் பேப்பர்ல வெட்டி வெட்டி வச்சுப் பாத்துச்சு. உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் நான் சொன்னேன்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"அம்மாதான் வேணாம்னுச்சு. ‘திட்டினாக்கூட பரவால்ல, உங்கப்பா திட்ட மாட்டாரு, ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கீழே குனிஞ்சே சாப்புடுவாரு, அத என்னால பாக்க முடியாது’ன்னுச்சு."

"நான் அப்படியா?"

"ப்பா" என்றாள் வாணி. 

பிப்ரவரி 2, வெள்ளி

ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் என்ற பெயர் வேண்டாமென்று இன்று முழுவதும் இயல்பாக இருக்க முயன்றேன். உடம்பு சரியில்லையா என்று குமுதா இரண்டு தரம் கேட்டாள்.

பிப்ரவரி 5, திங்கள்

அக்கா போன். "அம்மா செஞ்ச நகைய ஊருக்கு முன்னாடி நாய்ப்பட்டைங்கறா. நாலு பேர் கேட்டா நான் என்னடா சொல்றது? நீ அவகிட்ட கேட்டியா, இல்லையா?"

"கேக்கிறேன் அக்கா."

"நீ கேட்டுக் கிழிச்ச."

செய்தது அம்மா இல்லை என்று அக்காவிடம் இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவமானத்தை அம்மா வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேனோ என்னவோ.

வாணியின் பையனுக்குப் பள்ளியில் ஆண்டு விழா. குமுதா நாளை பெங்களூர் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள். ரசப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். காஸ் புக் செய்யச் சொன்னாள். செய்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

அலமாரியைத் திறந்து பார்த்தேன். திருட்டு என்ற சொல் பொருந்தாது, அந்த அலமாரிக்குப் பூட்டே இல்லை.

புடவைகளுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே மஸ்லின் துணியில் பதக்கம், கறுப்புக் கயிறு, வெள்ளிப் பட்டை. பட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தேன். துண்டுகளை அவள் கண்டபடி வைக்கவில்லை. பெரியது, சிறியது, வெற்றிடம் என்று வருகிற வரிசை ஒரு முறைதான் அப்படி வருகிறது, அடுத்த முறை மாறுகிறது. கண் அடுத்து எதை எதிர்பார்க்கிறதோ அது வராமல் இன்னொன்று வருகிறது. சரியாகச் சொன்னால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, நான் கற்பித்த கணக்கு அல்ல. அது என் கோபத்தை இன்னும் அதிகமாக்கியது. ஏனோதானோவென்று உடைத்திருந்தால் மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

பழையபடி செய்து, திருக்கடையூரில் அவள் கையில் கொடுத்தால் என்ன? வரைந்தது நான் என்ற விஷயத்தையும் அப்போதே சொல்லிவிடலாம். எழுபது வயதில் அதற்குமா வெட்கம்?

பிப்ரவரி 9, வெள்ளி

பெரிய கடைவீதியில் விஸ்வலிங்கம் பத்தரிடம் போனேன். டப்பாவைத் திறந்ததும் அவர் சிரித்தார்.

"இது நான் பிரிச்சுக் குடுத்ததாச்சே சார். அம்மா இங்கயே ஸ்டூல்ல உக்காந்து, இது இங்க வரணும், அது அங்க வரணும்னு ஒவ்வொண்ணா சொன்னாங்க. என் மருமக பாத்துட்டு அதே மாதிரி ஒண்ணு கேக்கறா."

"இதைப் பழையபடி அட்டிகையாக்கணும்" என்றேன். தாளில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். கை பழசை மறக்கவில்லை, விகிதம் உட்பட.

பத்தர் தாளையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளிப் பட்டை முழுசா மிஞ்சாது சார், துண்டாத்தான் வரும். அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

இதை எழுதும்போது அந்தச் சொல் தவறாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆச்சரியப்படுத்த நினைப்பவன் வேறு என்ன சொல்ல முடியும்?

பின்கழுத்துப் பக்கம் துண்டுகள் சிறுக்கச் சிறுக்க முனைகள் கூராகிவிட்டிருப்பதைக் கவனித்தேன். வரையும்போது எனக்கு இது தோன்றவேயில்லை. தாளில் கழுத்து கிடையாது. முனைகளை நன்றாக மழுக்கிவிடச் சொன்னேன். ஆக, அவளுடைய குறையும் தீர்ந்துவிடும்.

பிப்ரவரி 14, புதன்

குமுதா வந்துவிட்டாள். பேரன் மேடையில் மரமாக நடித்தானாம். அசையாமல் நின்றதற்குக் கைதட்டல் கிடைத்ததாம். "உங்கள மாதிரியே" என்றாள். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

அலமாரி முழுவதும் கட்டிலில் கிடக்கிறது. என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அடுக்கி வைக்கலாம்னு" என்றாள். மதியம் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

குமுதா பயணப் பெட்டியின் உள்துணியைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டாள். வாணியிடம் தாழ்ந்த குரலில் போனில் பேசுவது கேட்டது. "கொண்டு வந்தேனா, இங்கயே வச்சேனான்னே குழம்புதுடி. ரயில்ல பைய மேல வச்சேன்... உங்க வீட்டுல அந்த பீரோவுக்கு அடியில ஒரு தடவ பாரேன்." பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தண்ணீரை வீணாக்குகிறவள் அல்ல.

சொல்லிவிடலாமா என்று கதவு வரை போனேன். வியாழக்கிழமை தெரிந்துவிடப் போகிறது. பொறுத்தால் மகிழ்ச்சி பெரிதாக இருக்கும்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவள் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பத்தர் கொடுத்துவிட்டார். அப்படியே இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரைப் பையில், கைத்துண்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 22, வியாழன், திருக்கடையூர்

அக்காவும் வாணியும் வந்துவிட்டார்கள். எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிய பிறகு, கால் வலிக்கிறது என்று சொல்லி நான் அறையில் தங்கினேன். குமுதாவும் தங்கினாள். அதைத்தான் எதிர்பார்த்தேன். பேசியதை மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

நகைப் பெட்டியை எடுத்து நீட்டினேன். திறந்தாள். முகத்தில் முதலில் வந்தது நிம்மதி, சந்தேகமேயில்லை, தொலைந்தது கிடைத்த நிம்மதி. அது ஒரு நொடி. பிறகு பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களா எடுத்தீங்க?"

"ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"நான் தேடினத பாத்தீங்களா, இல்லையா?"

"பார்த்தேன்."

"குளிக்கிற ரூமுக்குள்ள நின்னு அழுதது?"

 ஜன்னலுக்கு வெளியே ஒரு வேன் பின்பக்கமாக வந்து நிற்க முயன்றுகொண்டிருந்தது.

"முனையெல்லாம் மழுக்கச் சொல்லிட்டேன், குமுதா. இனிமே குத்தாது. தொட்டுப் பார்."

"குத்துதுன்னு சொன்னேன். குத்தலைன்னா போட்டுக்குவேன்னு எங்கயாவது சொன்னேனா?"

அப்போதுதான் சொன்னேன். வரைந்தது அம்மா இல்லை, நான் என்று. விடுதி அறை, கிராஃப் தாள், விகிதம், எல்லாவற்றையும். வகுப்பில் பேசுவதுபோலப் பேசிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் அட்டிகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்களா வரஞ்சீங்க இத?"

"ஆமாம்."

"எனக்காகவா?"

"ஆமாம்."

குமுதா ஒரு துண்டின் முனையை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள். "அத்தை மனசு நோகக் கூடாதேன்னுதான் வாயத் தெறக்காம போட்டுக்கிட்டேன். நீங்க வரஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா, கல்யாணமான மறுநாளே ‘பாருங்க, இங்க குத்துது’ன்னு காட்டிருப்பேன். உங்ககிட்ட காட்டாம வேற யாருகிட்ட காட்டுவேன்?"

நான் பெட்டியை மூடினேன். ஏன் மூடினேன் என்று தெரியவில்லை.

"நாளைக்கு என்ன போடறதுன்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன்" என்றாள். "அரக்குக் கலர்ல பட்டு நூல் வாங்கினேன். தாலிக்கு மேல அந்தப் பதக்கத்த மட்டும் அதுல கோத்துப் போட்டுக்கிட்டு வந்து உங்க பக்கத்துல உக்காந்துட்டு, உக்காந்த பெறகு சொல்லலாம்னு. அங்க வச்சு நீங்க மூஞ்சியத் தூக்க முடியாதுல்ல."

"நீயும் மறைச்சேல்ல, குமுதா" என்றேன். இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். 

"மறைச்சேன். என் கழுத்துல கிடந்தத மறைச்சேன்."

அக்கா கதவைத் தட்டினாள். வில்வமும் குங்குமமும் கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா, வந்துடுச்சா" என்றாள். "நான் சொன்னா எந்தம்பி செய்யாம இருப்பானா?"

குமுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா சொல்லி நான் செய்யவில்லை. நானே யோசித்துச் செய்தது. அதை அந்த இடத்தில் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. எது மேல் என்றும் தெரியவில்லை.

பிப்ரவரி 23, வெள்ளி, திருக்கடையூர்

எல்லாம் குறையில்லாமல் நடந்தது. ஹோமம், கலச நீர், மாலை மாற்றுதல். குமுதா முழு செட்டும் போட்டுக்கொண்டாள். இரண்டு காதிலும் ஒரே மாதிரி ஜிமிக்கி, மாட்டல் காதில், அட்டிகை கழுத்தில். நான் கேட்கவில்லை. போட்டுக்கொள்ளாதே என்றும் சொல்லவில்லை.

தாலி கட்டும்போது அட்டிகைக்கு அடியில் விரலை விட வேண்டியிருந்தது. பின்கழுத்தில் சிறு சிறு தழும்புகள், வரிசையாக. இரு பக்கமும் ஒரே இடைவெளி. என் துண்டுகளின் இடைவெளி. முடிச்சுப் போட எனக்கு நேரமாயிற்று. 

"இப்பத்தான்டி லட்சணமா இருக்கே" என்றாள் அக்கா.

"சரிங்க அண்ணி" என்றாள் குமுதா.

போட்டோ எடுத்த தம்பி, "அம்மா, கொஞ்சம் சிரிங்களேன்" என்றார்.

"கல்யாண போட்டோவுல நான் சிரிக்கல தம்பி. அதே மாதிரிதான் வேணுமாம். அப்டியே எடுங்க."

வாணி எழுந்து வெளியே போய்விட்டாள்.

பிப்ரவரி 24, சனி

வீடு வந்தோம். வேன்காரர் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார். போன் செய்தேன், நாளை வருவார்.

"உங்க நகைய உங்க மாத்திரைப் பையிலயே வச்சிருக்கேன்" என்றாள் குமுதா.

மார்ச் 2, சனி

மெல்லிய சங்கிலி. பொட்டுத் தோடு. ஒரு வாரமாக அவ்வளவுதான். சமையல், பேச்சு, மருந்து எடுத்துக்கொடுப்பது எதிலும் குறையில்லை. வேலைக்குப் போன காலத்துக் குமுதாதான். இதில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை.

மார்ச் 6, புதன்

அக்கா இரண்டு போட்டோக்களையும் ஒரே சட்டத்தில் போட்டு அனுப்பியிருக்கிறாள். எங்கே மாட்டலாம் என்று குமுதாவிடம் கேட்டேன். "உங்க ரூம்ல மாட்டிக்குங்க" என்றாள். நேற்று வரை அது எங்கள் அறை.

மார்ச் 9, சனி

நடைப்பயிற்சிக்கென்று கிளம்பி ரெஜினாவின் கடைக்குப் போனேன். அட்டிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் வேறு யாரும் இல்லை.

"வாங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா. ஒரு உதவி. இதை முன்னே இருந்த மாதிரியே மறுபடி ஆக்கணும். வெள்ளிப் பட்டை, கயிறு எல்லாம். வீடியோவுல இருக்கறதை வச்சு நீங்க பத்தர்கிட்ட சொல்லிட்டாப் போதும். குமுதாவுக்குக் கல்யாண நாளில் கொடுக்கலாம்னு..."

ரெஜினா பெட்டியைத் தொடவில்லை. "சார், நீங்க இங்க வந்தது குமுதாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பக் கெளம்புங்க சார்."

நான் நின்றேன்.

"தப்பா நெனைக்காதீங்க. நான் இதச் செஞ்சா நாளைக்கு அவ எங்கிட்டயும் எதையும் கழட்டி வைக்க மாட்டா. எனக்கு அவ வேணும் சார்."

திரும்பும் வழியில் கொத்தமல்லி வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

இனி எது செய்தாலும் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்வது என்று முடிவு. நேரில், வெளிப்படையாக. இத்தனை வருடத்தில் அவள் போட்டிருக்கும் ஒரு நகையைப் பற்றி நல்லவிதமாக ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதிலிருந்து தொடங்கலாம்.

மார்ச் 15, வெள்ளி

காலையில் கீழ்த்தொட்டி மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது குமுதா வெளியே போகக் கிளம்பி நின்றாள். ரெஜினாவோடு கரூர் போகிறாள், கைத்தறி பார்க்க. சாம்பல் நிறப் புடவை. கழுத்தில் தாலிக் கயிறு மட்டும், சங்கிலி இல்லை. இடது காதில் அவள் அம்மாவின் ஜிமிக்கி. வலது காதில் புதிதாக ஒன்று, நான் பார்த்திராதது. செம்போ பித்தளையோ, நீண்ட ஒற்றை இலை, நுனி தோளைத் தொட்டது. திரும்பும்போது வெளிச்சம் பட்டது.

நன்றாக இருந்தது. இப்போது எழுதக் கை வருகிறது.

சொல்லவும் செய்தேன். "அது நல்லா இருக்கே, குமுதா. என்ன அது?"

என் மூக்குக்கண்ணாடி மேசை மேல் இருந்தது. அது இல்லாமல் சரியாகத் தெரியவில்லை. பார்க்கலாமென்று ஓர் அடி கிட்டே போனேன்.

அவள் கை காதுக்குப் போனது. அந்த இலை முழுவதையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"காது வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லங்க" என்றாள்.

வாசலில் ரெஜினாவின் வண்டி வந்து நின்றது. குமுதா ஒரு கையால் செருப்பைப் போட்டுக்கொண்டாள், அதே கையால் கேட்டைத் திறந்தாள். மற்றக் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.